வலப்பக்கத்து ஸ்பீக்கர்

பெட்டிகள் வந்து இறங்கியபோது அந்த வீட்டில் புதிதாக ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. கூடம் என்று பேர்தான். ஒரு சுவரில் டிவி, அதற்கு எதிரே வேன்காரர் உட்காரும் நாற்காலி, நாற்காலிக்கு வலப்பக்கம் அவர் மனைவியின் தையல் மிஷின், மிஷினைச் சுற்றி வெட்டிப்போட்ட துணிகள். மிச்ச இடத்தில் ஆள் நடக்கலாம், அதுவும் ஒல்லியான ஆளாக இருந்தால். அந்தக் கூடத்துக்குப் போய் மகள் ஹோம் தியேட்டர் அனுப்பியிருந்தாள்.

"அப்பாவுக்கு லீவு நாள்ல பொழுதே போகலன்னு நீதானேம்மா சொன்னே? அதான்" என்றாள் போனில். மகளுக்கு வெளியூரில் வேலை, அங்கேயே வீடு.

தையல்காரம்மா அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் சொல்ல வந்தது வேறு. உங்கப்பா என்னோடு பேசுவதில்லை என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? பொழுது போகவில்லை என்று சொல்லிவைத்தாள். அதற்கு வைத்தியமாகத்தான் இத்தனை ஸ்பீக்கரும் வந்திருந்தன.

பேச்சு நின்றது மழைக்காலத் தொடக்கத்தில். நீங்கள் இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள் என்று மகள் கூப்பிட்டிருந்தாள். தையல்காரம்மாவுக்குப் போக ஆசை. வேன்காரர், "நான் வந்துட்டா புள்ளைங்கள ஸ்கூலுக்கு யாரு கொண்டுபோய் விடுவா?" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார். அவள் விடவில்லை. ஒரு மத்தியானம் அவர் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிஷினை ஓட்டியபடியே, "அப்ப நான் மட்டும் போயிடட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டு, ருசித்து மென்று, கையை நக்கிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. போனால் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். அதற்கப்புறமும் மிஷினில் இருந்தபடி ஏதேதோ கேட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. உனக்கு இவ்வளவு என்றால் எனக்கும் இவ்வளவுதான் என்று அவளும் வாயைத் தைத்துக்கொண்டாள். சோறு, டீ, சாவி. இந்த மூன்று வார்த்தையில் குடித்தனம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஷ்காரர் வந்தார். டிஷ், கேமரா, ஸ்பீக்கர் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவர்தான் மாட்டுவார். அவருடைய ஒரே மகள் வேன்காரரின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். டிரைவருக்கு இடப்பக்கம் முன்னால் இருக்கும் சீட்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் வேனில் அவளுக்கு முன்சீட்டு என்றே பெயர்.

"முன்சீட்டு என்ன பண்றா?" என்றார் வேன்காரர். வாயெல்லாம் பல்.

"தூங்குறாண்ணே. எழுந்தா நானும் வரேன்னு உயிரை எடுப்பா. சொல்லாம வந்துட்டேன்." டிஷ்காரர் பெட்டியைப் பிரித்து ரிசீவரை இரண்டு கையாலும் தூக்கினார். "அடேங்கப்பா, என்னா கனம்! பாப்பா காசைப் பாக்காம வாங்கியிருக்குண்ணே. இதை இந்தக் கூடத்துல போட்டா பக்கத்து வீட்டுக்காரங்களும் நம்ம படத்தைத்தான் பாக்கணும்."

"சுவரு தாங்குமா?"

"சுவரு தாங்கும். அண்ணி தாங்குவாங்களான்னுதான் கேக்கணும்."

தையல்காரம்மா சிரிக்காமல் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

வேலை மத்தியானம் வரை இழுத்தது. டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் நீளமாக ஒன்று, நாற்காலிக்குப் பின்னால் இடமும் வலமுமாகச் சுவரில் இரண்டு, மூலையில் தரையோடு ஒரு பேஸ் பெட்டி. டிரில் சுவரில் இறங்கிய இடமெல்லாம் சிவப்புத் தூள் கொட்டியது. தூள் விழும் இடத்தில் அவள் பழைய துணியை விரித்துக்கொண்டே போனாள். ஸ்பீக்கர் வொயரின் நுனியை டிஷ்காரர் பல்லாலேயே உரித்து, முறுக்கி, சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் செருகினார். வேன்காரர் ஏணியைப் பிடிக்கிறேன் என்று ஏணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று. தன்னிடம் பேசாதவர் ஏணியோடும் வொயரோடும் இப்படி இழைகிறாரே என்று வயிறு எரிந்தது.

பிரெட்டும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு டிஷ்காரர் கடைசி வேலைக்கு வந்தார். நாற்காலியில் தலை இருக்கும் உயரத்துக்குத் தலையணைகளை அடுக்கி, அதன் மேல் குட்டி மைக் ஒன்றை வைத்தார்.

"இப்ப ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் விட்டு, எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்துக்கும். ஃபேனை நிறுத்துங்க. ஃபிரிட்ஜையும் நிறுத்துங்க. யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அண்ணி, மூச்சுகூட மெதுவா விடுங்க."

வாயைத் திறக்காமல் இருப்பதில் அந்த வீட்டுக்கு நல்ல பழக்கம் இருந்தது. மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒரு ஸ்பீக்கரிலிருந்து உஷ்ஷென்று ஓர் இரைச்சல் கிளம்பி அடங்கியது, அடுத்தது, அடுத்தது என்று கூடத்தைச் சுற்றி வந்தது. டிவியில் ஸ்பீக்கர்களின் படமும் பக்கத்தில் தூரமும் வந்தன. எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் போட்டது.

"முடிஞ்சுது. வாங்கண்ணே, ராஜா மாதிரி உக்காருங்க. இப்ப ஒவ்வொண்ணா தனியா போடறேன். கேட்டுப் பாருங்க."

வேன்காரர் தலையணையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். டிஷ்காரர் ரிமோட்டை அமுக்கினார். இடப்பக்கம் இரைந்தது. "ஆமா" என்றார் வேன்காரர். நடுவில் இரைந்தது. "ம்" என்றார். வலப்பக்கம் இரைந்தது.

"தம்பி, மறுபடியும் இடப்பக்கமே வருதே."

"இல்லண்ணே, இது வலது."

"எங்க வலது? இந்தாண்டதான் வருது." அவர் கை இடப்பக்கத்தைக் காட்டியது.

டிஷ்காரர் குனிந்து பார்த்தார். "வொயரை மாத்திக் குத்திட்டேனோ?" என்று தலையைச் சொறிந்தபடி ரிசீவருக்குப் பின்னால் போனார். மாற்றிச் செருகினார். மறுபடியும் போட்டார்.

"இப்பவும் இடப்பக்கம்தான்."

"அண்ணே, இப்ப நிஜமாவே இடப்பக்கம்தான் வருது. இருங்க, அடுத்தது. இது?"

"இதுவும் இடதுதான். என்ன தம்பி, எல்லாத்தையும் ஒரே பக்கமா கட்டிட்டியா?"

அந்த நேரம் பார்த்து மகள் போனில் வந்தாள். "அப்பா, எப்படி இருக்கு? சுத்தி வருதா?"

போனை இடக்காதில் வைத்துக்கொண்டு வேன்காரர் சிரித்தார். "எங்கம்மா சுத்துது? வலப்பக்கமே இல்ல. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

டிஷ்காரருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் வராது? வலது ஸ்பீக்கரைக் கழற்றி இடது பக்கம் மாட்டினார், இடதை வலதில் மாட்டினார். புது வொயர் இழுத்தார். "அண்ணி, இங்க வாங்க. இது எங்க கேக்குது?"

தையல்காரம்மா மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைக் காட்டினாள். "இதோ, இங்கதான். வலப்பக்கம்."

"பாத்தீங்களா? அண்ணே, ஒரு வெளையாட்டு. கண்ணை மூடிக்கங்க. சத்தம் எங்க வருதோ அங்க கையைக் காட்டுங்க. வீட்டுல என் பொண்ணோட இப்படித்தான் வெளையாடுவேன்."

வேன்காரர் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பின் பக்கம் வலது மூலையில் இரைந்தது. அவர் கை இடப்பக்கம் நீண்டது. முன்னால் வலது. கை இடப்பக்கம். நடுவில். கை இடப்பக்கம். டிஷ்காரர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் செய்யாமல் அவருக்கு வலப்பக்கம் வந்து, காதோரம் விரல்களை லேசாகத் தேய்த்தார். வேன்காரர் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக, அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார்.

தையல்காரம்மாவுக்கு அந்த மத்தியானம், மழை, மிஷின், உருட்டி வாயில் போட்ட சோறு எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. அவள் மிஷின் அவருக்கு வலப்பக்கம் அல்லவா இருக்கிறது?

"என்ன தம்பி, போடு" என்று கண்ணைத் திறந்தார் வேன்காரர். இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"அண்ணே... டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"எதுக்கு? ஸ்பீக்கருக்கா?"

டிஷ்காரர் காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். பிறகு எழுந்து, கூலியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று வெளியே நடந்தார். தையல்காரம்மா வாசல் கேட் வரை பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் என்னத்த அண்ணி சொல்றது? என் கல்யாணத்துக்கே அவரு வேன்லதான் போனோம். என் பொண்ணு பேச ஆரம்பிச்சதே அந்த வேன்லதான்." அவர் குரல் இறங்கியது. "ஆனா ஹார்ன் வலப்பக்கம் அடிச்சா, அவருக்கு இடப்பக்கம் கேக்கும் அண்ணி. இடப்பக்கம் ஏதோ வருதுன்னு நெனச்சு எந்தப் பக்கம் ஒடிப்பாரு? யோசிச்சுப் பாருங்க."

"நான் பேசிக்கறேன். எங்கிட்ட விடுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

டிஷ்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வேன்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் தையல் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அப்பலேருந்து. காதுக்குள்ள விசில் அடிச்சுட்டே இருந்துச்சு. தண்ணி போயிருக்கும்னு எண்ணெய் விட்டேன். விசில் நின்னுச்சு. அதோட எல்லாமே நின்னுடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீதான் பேசறதே இல்லையே."

"நான் பேசலையா? நீங்கதானே வாயைத் திறக்கல! நான் மட்டும் போயிடட்டுமான்னு கேட்டப்ப, சோத்தை உருட்டி உருட்டிப் போட்டுக்கிட்டீங்களே!"

"எங்க போறதுக்கு?"

"பொண்ணு வீட்டுக்கு. ரெண்டு தடவை கேட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நெசமா கேட்டியா? எனக்கு விழலம்மா. சத்தியமா விழல. திடீர்னு நீ பேசறத நிறுத்திட்ட. என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மனுஷன் தன்னை வேண்டாம் என்று நினைக்கவில்லை. அதுவே போதும் என்று அப்படியே அவர் தோளில் சாய்ந்திருப்பாள். ஆனால் இத்தனை நாள் சுமந்த கோபத்தை இறக்கி வைப்பதற்குள் பயம் வந்து அந்த இடத்தில் ஏறிக்கொண்டது.

"வண்டில ஏதாவது ஆச்சா?"

அவர் மென்று விழுங்கினார். "பெருசா ஒண்ணும் இல்ல. போன வாரம் ஒரு பைக்குக்காரன் நிறுத்தி சண்டை போட்டான். அவ்வளவு நேரம் ஹார்ன் அடிக்கறேன், என் மேலயே கொண்டுவந்து விடறியேன்னான். நான் அவன்தான் குடிச்சிருக்கான்னு நெனச்சேன். இன்னிக்கு அந்தத் தம்பி கண்ணை மூடச் சொன்னான் பாரு, அப்பதான் எனக்கே..."

"அப்ப விட்டுருங்க. நாளைக்கே ஸ்கூல்ல சொல்லிடுங்க."

"சொன்னா அந்த நிமிஷமே சாவியை வாங்கி வேற ஆள் கையில குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டுமே. நம்ம பொண்ணு நமக்குச் சோறு போடமாட்டாளா?"

"சோறு போடுவா. காலைல எழுந்து நான் எங்க போறது? சொல்லு. அங்க போய் பால்கனில உக்காந்து யாருக்கு டாட்டா காட்டறது?" வேன் சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். "பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும்தான். கண்ணு இருக்கு, சைடு கண்ணாடி இருக்கு. மெதுவா போறேன்."

"யாரு பெத்த புள்ளைங்க தெரியுமா எல்லாம்?"

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த வளைவில் வாந்தி வரும் என்பது வரை அவருக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் அவள் மல்லுக்கட்டியிருப்பாள். இப்போதுதான் கிடைத்த மனுஷனிடம், கிடைத்த அன்றைக்கே எப்படி மல்லுக்கட்டுவது?

"நானும் வண்டில வரேன்" என்றாள். "பக்கத்துல உக்காந்துக்கறேன். வலப்பக்கம் ஹார்ன் அடிச்சா தோளைத் தட்டறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

காலையில் தூறல் விடவில்லை. மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, அவள் முன்சீட்டு உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அது அவள் நினைத்த மாதிரி லேசான வேலையாக இல்லை. சாலையில் இறங்கியதும் ஊரில் உள்ள அத்தனை ஹார்னும் அவளுக்காகவே அடிப்பது போல் இருந்தது. எது நமக்கு, எது எதிரே போகிறவனுக்கு என்று ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தட்டினாள். பஸ்ஸுக்குத் தட்டினாள், பால் வண்டிக்குத் தட்டினாள், சைக்கிள் மணிக்கும் தட்டினாள்.

"ஏம்மா, தட்டிட்டே இருந்தா நான் எதைப் பாக்கறது?" என்று அவர் சிடுசிடுத்தார்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு லாரி அவர் ஜன்னலை உரசுகிற மாதிரி அலறிக்கொண்டு போனது. அப்போது தட்டக் கை எழவே இல்லை. பயத்தில் விறைத்துப்போய்விட்டது. வேன் ஒரு முழம் வலப்பக்கம் நகர்ந்து, லாரியின் வாலைக் கண்டதும் வெடுக்கென்று திரும்பி வந்தது. வேனில் இன்னும் பிள்ளைகள் ஏறவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் நிறுத்தம் டிஷ்காரர் தெரு. அங்கேதான் நிறையப் பிள்ளைகள். எல்லா வீடும் சாலைக்கு வலப்பக்கம், வேன் கதவோ இடப்பக்கம். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேன் நின்றாலும் யாரும் சாலையில் காலை வைக்கக்கூடாது. வேன்காரர் முன்னும் பின்னும் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வாங்க என்று அசைத்த பிறகுதான் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறுக்கே வருவார்கள். அவர் கையை நம்பாத தாய் அந்தத் தெருவில் கிடையாது.

அன்றைக்கும் குடையும் பையுமாக எல்லோரும் நின்றிருந்தார்கள். டிஷ்காரர் மட்டும் மகளின் கையைப் பிடித்தபடி வேன் ஜன்னலுக்கு வந்தார். தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே!" என்று கத்தினார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கு வரல."

முன்சீட்டு யூனிஃபார்ம் போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் கவர் கட்டி, தண்ணீர் பாட்டில் சகிதம் நின்றாள்.

வேன்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும், "சரி தம்பி, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். டிஷ்காரர் பின்னால் நின்ற தாய்மார்களைத் திரும்பிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது, மூடியது. தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டாயிற்று. மற்ற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டவள் இதோ வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அந்த ஆள் வாயைத் திறந்து சொல்லிவிடக்கூடாதா என்று அவளே ஏங்கினாள். தன் வாயால் சொல்லவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

டிஷ்காரர் மகளை இழுத்தார். அவள் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கிக்கொண்டு கேட்டாள்.

"வேன் மாமா, உங்களுக்குக் காது கேக்காதாமே, அப்பா அம்மாகிட்ட சொன்னாரு. நெசமாவா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை பேசியது அவருடைய வலப்பக்கம். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி கண்ணு, நாளைக்கு வா" என்றார்.

ஜன்னலுக்கு நேர் எதிரே சாலை ஓரத்தில் நின்ற தாய் ஒருத்தி அதைக் கேட்டதும் தன் மகனின் தோளைப் பிடித்து இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். சொன்னாள். அது குடைக்குக் குடை நகர்ந்தது. தையல்காரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாமே அவளுக்குக் கேட்டது.

வேன்காரர் முன்னால் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. கையை வெளியே நீட்டி, வாங்க வாங்க என்று அசைத்தார்.

யாரும் காலை எடுத்து வைக்கவில்லை.

இன்னொரு தடவை அசைத்தார். அப்புறம் மனைவியிடம் திரும்பினார்.

"ஏன் யாரும் வரமாட்டேங்கறாங்க? முன்சீட்டு என்னமோ கேட்டாளே, என்ன கேட்டா?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவருடைய இடக்காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குழந்தை கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னாள்.

அது அவருக்கு நன்றாகக் கேட்டது.